ஒரு வருஷம் சாகக் கூடாது

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு வயதுக்கு ஏற்ற மாதிரி பதில் சொல்லி வந்தேன். முப்பதில், "பாத்துக்கினு இருக்காங்க." நாற்பதில், "எனக்கே இஷ்டமில்லை." ஐம்பதைத் தாண்டியதும் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்த வயதுக்கென்று நான் யோசித்து வைத்திருந்த மிக நல்ல பதில் ஒன்று வீணாகப் போயிற்று. அதற்கு மேல் ஜனங்கள் வேறு கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள்: "அது சரி, வீடு யாருக்கு?"

வீடு திண்டிவனத்தில் இருந்தது. அப்பா கட்டியது. ஆறு அறைகள், பின்னால் சித்திரை வெயிலிலும் வற்றாத ஒரு கிணறு. அதில் குடியிருந்தது நானும் ஒரு ரேடியோவும் ஏராளமான பல்லிகளும். நான் விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் ஷெட் கிளார்க். காலை பாசஞ்சரில் போய் சாயந்திரம் பாசஞ்சரில் திரும்புகிற சீசன் டிக்கெட் ஜாதி. எண்பதுகளின் நடுவில், ரிட்டையராக இன்னும் நாலைந்து வருஷம் இருக்கும்போதுதான் இந்தக் கூத்து நடந்தது.

ரத்த சொந்தம் என்று எனக்கு இருந்தது, காலமாகிப் போன அக்காவின் மகன் ஒருத்தன்தான். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தான். மல்லாட்டை என்பது எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. அவனுக்குச் சொந்த வீடு இருந்தது, லாரி இருந்தது, என்னைவிடப் பெரிய தொப்பையும் இருந்தது. என் வீடு அவனுக்கு அவசியமில்லை. அவசியப்பட்டவர்கள் என் கிணற்றுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

அங்கே ஒரு பழைய ஓட்டு வீட்டில், ரிட்டையரான நர்சம்மா ஒருவர் பெண்பிள்ளைகள் ஹாஸ்டல் நடத்தி வந்தார். ஒலக்கூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஹைஸ்கூல் படிக்க வந்த கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். வாடகை வீடு. மழை வந்தால் உள்ளேயும் குடை பிடிப்பார்கள். தண்ணீர் கிடையாது. அதனால் விடியற்காலையில் குடமும் கூச்சலுமாக என் கிணற்றுக்கு வந்துவிடுவார்கள். நான் கடிகாரம் வாங்காததற்கு அவர்கள்தான் காரணம்.

முதலில் என்னைக் "கெணத்துத் தாத்தா" என்று கூப்பிட்டார்கள். நான் ராட்டினக் கயிற்றை எடுத்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

"தாத்தா, கயிறு குடுங்க தாத்தா, ஸ்கூலுக்கு டைமாவுது!"

"தாத்தா வூட்ல இல்ல. அண்ணன்தான் இருக்கேன்."

வெளியே ஒரே சிரிப்பு. கொஞ்ச நேரம் பேச்சு வார்த்தை நடந்து, அண்ணனும் இல்லாமல் தாத்தாவும் இல்லாமல் "கெணத்து மாமா" என்று ராஜியாயிற்று. கயிறு வெளியே போயிற்று.

ஒரு நாள் நர்சம்மா என் வீட்டுக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊசி போட்டே பழகிய கை என்பதால், பேசும்போதும் குத்துகிற மாதிரிதான் பேசுவார். ஹாஸ்டல் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியவில்லை என்றார். "அந்தப் பெரியவர் இருக்கிற வரைக்கும் பயமில்ல தம்பி. அவருக்கு அப்புறம் புள்ளைங்க இடிச்சுட்டு லாட்ஜ் கட்டப் போறாங்களாம். இந்த வாடகைக்கு இந்த ஊர்ல யாரு எடம் குடுப்பா? புள்ளைங்கள ஊருக்கு அனுப்பினா, அடுத்த மாசமே களையெடுக்க வுட்டுடுவாங்க. இல்ல, கட்டிக் குடுத்துடுவாங்க."

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "அவர் முந்திக்கினா நான் பின்னறைக்குப் போயிடறேன், மீதி வீட்டுக்கு நீங்க வாங்க. நான் முந்திக்கினா முழுசையும் எடுத்துக்குங்க" என்றேன்.

நர்சம்மா நிதானமாக, "எப்போ?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்போ சாவீங்கன்னு கேக்கல தம்பி. எப்போ எழுதுவீங்கன்னு கேட்டேன்."

உயிரோடு இருக்கும்போதே தானமாக எழுதிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவரும் கேட்டார். எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த ஹாஸ்டலில் காலை ஐந்து மணிக்கு மணி அடிப்பார்கள், வாரத்தில் மூன்று நாள் கேப்பைக் கூழ், பீடி வாடையே கூடாது. வீடு அவர்கள் பேருக்குப் போன மறுநாளே அந்தச் சட்டமெல்லாம் எனக்கும் பாயும். தர்மம் செய்ய ஆசைதான். ஆனால் தர்மம் செய்த பிறகு அங்கே நான் இருக்கக் கூடாது. உயில் என்பது என் மாதிரி ஆட்களுக்காகவே கண்டுபிடித்தது.

உயிலை ரகசியமாக எழுதவேண்டும் என்பார்கள். நான் அந்த யோசனையை எங்கே கேட்டேன் தெரியுமா? விழுப்புரம் பாசஞ்சரில், சீட்டாட்டத்துக்கு நடுவில். எங்கள் சீட்டுக் கச்சேரியில் விழுப்புரம் கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் ஒருத்தர் உண்டு. முழங்கால்கள் மேல் ஒரு பெட்டியை வைத்து, அதன்மேல் துண்டை விரித்து ஆடுவோம். நான் சீட்டைப் போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

வக்கீல் கையிலிருந்த சீட்டை மூடினார். "உங்களுக்கு அக்கா மகன் ஒருத்தன் இருக்கான் இல்ல?"

"மண்டிக்காரன். ஏன்?"

"நீங்க கிறிஸ்டியன். அதான் ஒரு கொக்கி இருக்குது. அக்கா புள்ள, தம்பி புள்ள மாதிரி நெருங்கின சொந்தம் இருக்கிற கிறிஸ்டியன், தர்ம காரியத்துக்குச் சொத்து எழுதினா, எழுதின ஆறு மாசத்துக்குள்ள உயிலைப் பதிவாளர்கிட்ட கொண்டுபோய் டெபாசிட் பண்ணணும். அதுமட்டுமில்ல. எழுதின நாள்ல இருந்து ஒரு வருஷம் நீங்க உசுரோட இருக்கணும்."

"இல்லாட்டி?"

"உயில் செல்லாது. வீடு அக்கா மகனுக்குப் போயிடும்."

எதிர் சீட்டில் இருந்த போஸ்டாபீஸ்காரர், "எங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லியா சார்?" என்று கவலையாகக் கேட்டார்.

"உங்களுக்கு இல்ல. நீங்க எழுதிட்டு அன்னிக்கே போவலாம்."

"அப்பாடா" என்றார் அவர்.

"இது என்ன சார் அநியாயம்? எனக்கு ஞானஸ்நானம் குடுக்கும்போது இதை யாரும் சொல்லலியே" என்றேன்.

"சாகக் கிடக்கிறவன் தலைமாட்டுல சாமியாருங்க ஒக்காந்து சொத்தை வாங்கிடக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் காலத்துல போட்டது. நான் இன்னா பண்ணட்டும்? சீட்டைப் போடுங்க."

அடுத்த வாரம் வக்கீல் உயிலை எழுதிக் கொண்டுவந்தார். ஓடுகிற வண்டியில் கையெழுத்துப் போட்டால் கோழி கிளறின மாதிரி ஆகும் என்று, பேரணி ஸ்டேஷனில் எதிர் வண்டிக்காக நிற்கும்போது, அந்தச் சீட்டாட்டப் பெட்டியின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன். போஸ்டாபீஸ்காரரும் இன்னொருத்தரும் சாட்சி. கம்பார்ட்மென்ட் முழுக்க எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு நாள் விழுப்புரத்தில் பதிவாளர் ஆபீசுக்குப் போய், உறையில் போட்டு அரக்கு வைத்து ஒப்படைத்தேன். அரக்கு ஒரு சொட்டு என் சட்டையிலும் விழுந்து பொசுக்கியது. அந்த ஓட்டையோடு அந்தச் சட்டையை ரொம்ப நாள் போட்டுக்கொண்டிருந்தேன்.

மகா ரகசியம், அந்த வாரமே மயிலத்தில் ஏறினவருக்கும் தெரிந்துவிட்டது, முண்டியம்பாக்கத்தில் இறங்கினவருக்கும் தெரிந்துவிட்டது. திண்டிவனத்தில் கடைசியாகத் தெரிந்துகொண்டவன் என் அக்கா மகன். அவன் மண்டியிலிருந்து நேராக வந்தான். தலையெல்லாம் மல்லாட்டைத் தூசி.

"இன்னா மாமா இது, என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"உனக்கு வீடு வேணுமாடா?"

"எனக்கு எதுக்கு மாமா வீடு? நான் சொல்றது வேற. ஒரு வருஷத்துக்குள்ள நீங்க பூட்டீங்கன்னா வீடு என் பேருக்கு வந்துடுமாமே!"

"ஆமாம். சட்டம் அப்படி."

"ஊரு இன்னா சொல்லும்? மண்டிக்காரன் மாமனுக்கு எதையோ வெச்சுட்டான்னு சொல்லுமா சொல்லாதா? அத்தோட, என் மாமனார் வூட்டுக்காரங்க இந்த எடத்துல குடோன் போடலாம்னு ரொம்ப நாளா கண்ணு வெச்சிருக்காங்க. என் பேருக்கு வந்துடுச்சுன்னா என்னை வுடவே மாட்டாங்க. என்னால அவங்களோட மல்லுக்கட்ட முடியாது மாமா. பேஜாரா பூடும். தயவுசெஞ்சு சாவாதீங்க!"

யாரும் என்னை அவ்வளவு உருக்கமாக வாழச் சொன்னதில்லை. அவன் அம்மா, என் கூடப்பிறந்த அக்காவே சொன்னதில்லை.

அன்று சாயந்திரமே என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மெட்ராஸ் – திருச்சி ரோட்டில் லாரிகள் கண்மண் தெரியாமல் வருமாம். அவனுடைய லாரியும் அதில் ஒன்று என்பதால் அவனுக்குத் தெரியும். காலையில் மண்டியிலிருந்து மூட்டை தூக்குகிற ஆள் ஒருத்தர் வந்து, என் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவைத்து ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போவார். மூட்டைக்கும் எனக்கும் அவர் வித்தியாசம் பார்க்கவில்லை. ஒரு நாள் அவசரத்தில் தோளில் போட்டுக்கொள்ளவே பார்த்தார்.

வண்டியில் எனக்கு வாசலோரம் நின்று காற்று வாங்குகிற பழக்கம். சீட்டுக் கச்சேரி அதைத் தடை செய்தது. நான் எழுந்தால் நாலு பேர் எழுந்தார்கள். கழிப்பறைக்குப் போனால் போஸ்டாபீஸ்காரர் வெளியே நின்றுகொண்டு, "சார், இருக்கீங்களா?" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் குரல் கொடுத்தார். விழுப்புரம் பிளாட்பாரத்தில் போண்டா விற்கிறவர் இருபது வருஷமாக என் வாடிக்கை. நான் இல்லாவிட்டால் அவர் பெண்ணுக்குக் கம்மல் வந்திருக்காது. அவரே கூடையை மூடிக்கொண்டார்.

"உங்களுக்குத் தரக் கூடாதுன்னு வக்கீலய்யா சொல்லிட்டாரு சார்."

"நான் காசு குடுக்கிறேன்யா."

"காசு கெடக்குது. ஒரு வருஷம் கழிச்சு வாங்க, சும்மாவே தர்றேன்."

ஹாஸ்டல் பக்கம் இன்னும் மோசம். காலையில் என் வீட்டு வாசலுக்குக் கேப்பைக் கஞ்சி வந்துவிடும். சனிக்கிழமை நர்சம்மா பிரஷர் பார்க்கும் பெட்டியோடு வருவார். கிணற்றைச் சுற்றிப் பெண்பிள்ளைகள் கூட்டம் கூடிவிடும்.

"மாமா பிரஷர் பாஸா ஃபெயிலா நர்சம்மா?"

"ஜஸ்ட் பாஸ்" என்பார் அவர். கைதட்டுவார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில்கூட எனக்கு யாரும் கைதட்டினதில்லை. அதிலும் ஜஸ்ட் பாஸ்தான்.

சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரத்தில் அவர்கள் ஜெபம் செய்வது கிணற்றுச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். எல்லாச் சாமிக்கும் பொதுவான ஜெபம். பலதரப்பட்ட பிள்ளைகள் இருந்ததால் யாரும் கோவித்துக்கொள்ளாத மாதிரி "கடவுளே" என்று மட்டும் ஆரம்பிப்பார்கள். முதலில் வீட்டுக்காரப் பெரியவருக்கு ஆயுசு. அடுத்தது எனக்கு: "கெணத்து மாமா அடுத்த ஜூன் மாசம் வரைக்கும் உசுரோட இருக்கணும்."

நான் சுவருக்கு மேலே தலையை நீட்டினேன். "ஏன்மா, கணக்கா ஜூன் வரைக்கும்னு கேக்கிறீங்களே. கொஞ்சம் சேத்துக் கேட்டா அவரு கோவிச்சுக்குவாரா?"

"தேவைக்கு மேல கேக்கக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லியிருக்காங்க மாமா!"

இப்படிப் பாதி வருஷம் போயிற்று. கஞ்சி குடித்துக் குடித்து எனக்குக் கனவில் போண்டா வர ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் கூட்ஸ் ஷெட் போர்ட்டர் ஒருத்தரை விட்டு, தனக்கு வாங்குகிற மாதிரி வாங்கிவரச் சொல்லி, சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று தின்றேன். ஐம்பத்து மூன்று வயதுக்காரன். மத்திய அரசு ஊழியன். சாயந்திரம் பிளாட்பாரத்தில் வண்டிக்கு நிற்கும்போது நெஞ்சை அடைத்தது. வேர்த்துக் கொட்டியது. நான் பெஞ்சில் சாய்ந்தேன்.

அவ்வளவுதான். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் திண்டிவனம் ஸ்டேஷனுக்குச் சொல்ல, அங்கிருந்து யாரோ மண்டிக்கு ஓடியிருக்கிறார்கள். என்னை ரயில்வே டாக்டரிடம் தூக்கிப் போனார்கள். டாக்டர் என்னைத் தட்டிப் பார்த்து, நெஞ்சில் கருவி வைத்துப் பார்த்து, பொட்டலத்தில் பொடி ஒன்று கொடுத்து உட்காரவைத்திருந்த நேரத்தில் வெளியே லாரி ஒன்று வந்து நின்றது. இறக்க நேரமில்லாமல் மல்லாட்டை மூட்டைகளோடே வந்திருந்தது. முன்னால் அக்கா மகன், நர்சம்மா, அவர் மடியில் பிரஷர் பெட்டி. பின்னால் மூட்டைகளின் மேல் நாலு பெண்பிள்ளைகள், யூனிபாரம் கூட மாற்றாமல்.

அவன் அழுதுகொண்டே ஓடிவந்தான். "மாமா! இன்னும் அஞ்சு மாசம் இருக்குது மாமா!"

நர்சம்மா அழவில்லை. என் பக்கத்தில் வந்து குனிந்தார். அந்தச் சமயம் பார்த்து எனக்கு ஓர் ஏப்பம் வந்தது, பெரியதாக, தாளிப்பு வாசனையோடு. நெஞ்சு சட்டென்று லேசாகிவிட்டது.

"போண்டா" என்றார் நர்சம்மா.

டாக்டர் தலையாட்டினார். "கேஸ்தான்மா. நெஞ்சுல ஒண்ணுமில்ல."

"எத்தினி?" என்றார் நர்சம்மா என்னைப் பார்த்து.

"ரெண்டு."

"எத்தினி தம்பி?"

"நாலு."

ஊசி போடப் போகிற மாதிரி என் கையைப் பிடித்தார். "அஞ்சுக்கு மேல இல்லம்மா, சத்தியமா" என்றேன்.

அக்கா மகன் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தான். அழுத கண்ணீரைத் துடைக்காமலே சிரித்தான். லாரியில் திரும்பும்போது, விக்கிரவாண்டி தாண்டியதும் சொன்னான்: "ஊரு சொல்றதுக்காகன்னு நெனச்சேன் மாமா. லாரியில வரும்போதுதான் தெரிஞ்சுது, அதுக்காக மட்டும் இல்லன்னு." பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு ஹார்ன் அடித்தான், ரோட்டில் யாருமே இல்லை.

அன்றிலிருந்து ஜெபத்தில் "போண்டாவிலிருந்து காப்பாற்றும்" என்று ஒரு வரி சேர்ந்தது.

ஜூன் வந்தது. நான் சாகவில்லை. வருஷம் முடிந்த அன்று ஹாஸ்டலில் பாயசம். பாசஞ்சரில் ஒரு ரோஜா மாலை. தூக்கு மேடைக்குப் போகிறவனுக்குத் தண்டனை ரத்தான மாதிரி எல்லாரும் கை குலுக்கினார்கள். போண்டாக்காரர் சொன்ன சொல் தவறாமல் சும்மாவே தந்தார். அக்கா மகன் சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, காற்றடித்துக் கொண்டுவந்து விட்டான். வீடு இனிமேல் பிள்ளைகளுக்குத்தான். எனக்கு எது நடந்தாலும் அதை யாரும் அசைக்க முடியாது.

மறுநாள் காலையில் கஞ்சி வரவில்லை. ரோட்டைத் தாண்டவைக்க ஆள் வரவில்லை. வண்டியில் வாசலோரம் நின்றேன், யாரும் எழுந்து வரவில்லை. காற்று என்னவோ முன்மாதிரி இல்லை. சனிக்கிழமை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். பிரஷர் பெட்டி வரவில்லை. சாயந்திரம் ஜெபத்துக்குக் காதைக் கொடுத்தேன். வீட்டுக்காரப் பெரியவருக்கு ஆயுசு. பிறகு மழை. பிறகு கணக்குப் பரீட்சை. பிறகு ஹாஸ்டல் பூனை குட்டி போட்டிருந்ததால் அதற்கு. அவ்வளவுதான், ஆமென்.

பூனைக்குப் பின்னாலாவது நான் வருவேன் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பாசஞ்சரில் வக்கீலிடம் கேட்டேன். "சார், எழுதின உயிலோட இன்னும் ஏதாவது சேக்கணும்னா சேக்கலாமா?"

"தாராளமா. இணைப்பா எழுதிக்கலாம். இன்னா சேக்கப் போறீங்க?"

"வூட்ல ஒரு மூங்கில் ஏணி இருக்குது. அதை எழுத வுட்டுட்டேன். அதையும் ஹாஸ்டலுக்கே குடுத்துடலாம்னு."

"ஏணியா?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. அது ஏற்கெனவே கெட்டியாயிடுச்சு. ஏணிக்கு மட்டும்…"

"ஏணிக்கு மட்டும் நான் மறுபடி ஒரு வருஷம் உசுரோட இருக்கணும். அப்படித்தானே?"

வக்கீல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பேரணியில் வண்டி நின்றது. கையெழுத்துப் போட்டேன். அதே பெட்டி, அதே சாட்சிகள்.

இந்தத் தடவை ஊர் சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. நானே நேராக ஹாஸ்டலுக்குப் போய்ச் சொன்னேன். நர்சம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டார். முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏணிக்கு ஒரு வருஷமா?"

"சட்டம் அப்படிம்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

"அப்ப நாளைக்குக் கஞ்சி அனுப்பணும்."

"உங்க இஷ்டம்."

அவர் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார். சிரிக்கிறாரா என்று தெரியாதபடி குனிந்துகொண்டு சொன்னார்: "ஏணி ஆச்சு. அடுத்த வருஷம் ஆட்டுக்கல்லு வெச்சுக்குங்க. அதுக்கு அடுத்தது கட்டிலு. பாத்து ஒண்ணொண்ணா எழுதுங்க தம்பி, சாமான் தீந்துடப் போவுது."

அன்று சாயந்திரம் ஜெபத்தில் பூனைக்கு முன்னால் நான் வந்தேன். "கெணத்து மாமா உசுரோட இருக்கணும்." எந்த மாசம் வரைக்கும் என்று சொல்லவில்லை. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, அவர்கள் சேர்த்துச் சொல்வார்களோ என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். சொல்லவில்லை. அடுத்தது கணக்குப் பரீட்சைக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வீட்டுக்காரப் பெரியவர் காலமானார், லாட்ஜ் வந்தது. பிள்ளைகள் தட்டு முட்டோடு என் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா மகன் லாரி கொண்டுவந்து சாமான் ஏற்றினான். நான் பின்னறைக்குப் போனேன். ஐந்து மணிக்கு மணி, வாரத்தில் மூன்று நாள் கூழ், பீடி போயே போச்சு. எதற்குப் பயந்து உயிலாக எழுதினேனோ அது எல்லாம் உயிரோடு இருக்கும்போதே வந்து சேர்ந்தது.

ஆட்டுக்கல், கட்டில், ரேடியோ, தண்ணீர் அண்டா என்று வருஷத்துக்கு ஒன்றாக எழுதி, இப்போது கரண்டிகளுக்கு வந்திருக்கிறேன். நடுவில் கோர்ட்டில் அந்தச் சட்டமே செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் வக்கீல்தான் சொன்னார். என்னைச் சாகக் கூடாது என்று கட்டிப்போட்ட சட்டம் போய்விட்டது, நான் இருக்கிறேன். இதை ஹாஸ்டலில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. படிக்கிற நீங்களும் அந்தப் பக்கம் போனால் வாயைத் திறக்க வேண்டாம். நாளைக்குச் சனிக்கிழமை, பிரஷர் பார்க்க வருவார்கள். குழம்புக் கரண்டிக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கிறது.